காதில் பூ அல்ல, கம்பி!

முக்கிய அறிவிப்பு! இம்மண்டபத்தின் இடப்பக்க மூலையில் மூன்றாண்டுகளாகக் கண்சிமிட்டி வந்த குழல்விளக்கு நேற்று மாலை மாற்றப்பட்டது. சிரிக்காதீர்கள்! நம்மைப் பார்த்துக் கண்ணடித்த ஒரே ஜீவனும் போய்விட்டது!

என் செவியைத் திருகித் திருகியே என்னைத் திருத்த முயன்ற தலைமையாசிரியர் அவர்களே! கைதட்டிக்கொண்டே கடிகாரம் பார்க்கும் பெரியோர்களே! நன்றாகப் பேசினால் என் பிள்ளை, உளறினால் அப்பன் பிள்ளை என்று முடிவெடுத்து வந்திருக்கும் தாய்மார்களே! தோழர்களே! வணக்கம்!

சென்ற ஆண்டு இதே மேடையில் பாதிப் பேச்சில் குதித்தோடி, உங்கள் அத்தனை பேரையும் அசடாக்கிய மாவீரன் நான்! இம்முறையும் ஓடினால் இனி மேடையே இல்லை என்று ஐயா சொல்லிவிட்டார். ஆகவே முடிப்பேன். முடித்தே தீருவேன்!

தலைப்பு: ஒற்றைத் தலைவலியும் செவிவழிச் சிகிச்சையும். மாத்திரை இல்லையாம், மருந்து இல்லையாம். காதின் குழிவில் ஒரு கவ்வியை மாட்டி, நாள்தோறும் மெல்லிய மின்சாரம் பாய்ச்சினால், வரவிருக்கும் வலி வராமலே போகுமாம்! இதுவரை காதில் பூச் சுற்றினார்கள். இப்போது கம்பியே சுற்றுகிறார்கள்! காதைத் தொட்டால் தலை தெளியுமென்றால், நம் தலைமையாசிரியரல்லவா தலைசிறந்த மருத்துவர்? அவர் திருகாத திருகலா? நான் அலறாத அலறலா?

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் என் அக்கா விளக்கினாள்: "டேய், காதுல இருக்கிற நரம்பு மூளை வரைக்கும் போகுதுடா."

"காதுல சொன்னதே மூளைக்குப் போகாத ஆளு நான். கரண்ட் மட்டும் போயிடுமாக்கா?"

என்ன அங்கே, கடைசி வரிசையில் சத்தம்? "காதுல என்னடா ஒயரு?" என்கிறானா? மைக்குடா! வாயை மூடு!

மாடிவீட்டு மாமா இருக்கிறாரே, மாமேதை! வலி வந்தபிறகு கவ்வியை மாட்டினார். வலி போனதும் கழற்றி எறிந்தார். மறுவாரம் வலி திரும்பியதும், "சுத்த ஏமாத்து வேலை!" என்று தீர்ப்பும் எழுதினார். தொப்பலாக நனைந்தபிறகு குடையை விரித்துவிட்டு, குடை மோசம் என்பவரை என்னென்பது? வராதபோதும் மாட்டினால்தானே வராமல் காக்கும்? இன்னொரு கூட்டம் உண்டு: "தலைவலிதானே! பரீட்சைன்னா வந்துடுமே!" அடடா! அரைத்தலை அம்மியாகி, வெளிச்சம் ஊசியாகிக் குத்தும்போது வந்து சொல்லுங்கள் இந்த நகைச்சுவையை!

"உனக்கெப்படிடா இவ்வளவு தெரியும்?"

...கேட்டுவிட்டானே, அதே கடைசி வரிசைப் பாவி.

சரி. இது மைக் இல்லை. பதற்றத்தில் கழற்ற மறந்த கவ்வி.

சென்ற ஆண்டு நான் ஓடியது குறும்பல்ல. அந்த விளக்கு மின்னி மின்னி, என் கண்முன் கோடுகள் நெளிந்தன. திரைக்குப் பின்னால் குப்பைத்தொட்டியைக் கட்டிக்கொண்டு வாந்தி எடுத்தேன். வெளியே வந்தால், "செம பிராங்க்டா!" என்று கைதட்டினீர்கள். வாந்தி எடுத்தவன் என்பதைவிட வம்பு செய்தவன் என்பது கௌரவமாக இருந்தது.

இப்போது வலி குறைந்திருக்கிறது, நின்றுவிடவில்லை. "எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல முடியாதுப்பா, ஆராய்ச்சி இன்னும் போயிட்டிருக்கு" என்கிறார் மருத்துவர்.

அக்கா சொல்லித்தான் தெரியும்: நான் ஓடிய காரணத்தை அவள் போய்ச் சொன்னதும், அந்த விளக்கை நேற்று ஏணி போட்டு மாற்றியவர் நம் தலைமையாசிரியர். ஐயா, நீங்கள் திருகிய அதே இடக்காதில்தான் இந்தக் கவ்வியும் இருக்கிறது. இனி வலக்காதைத் திருகுங்கள்.

கேட்ட காதுகளுக்கெல்லாம் நன்றி. மாவீரன் ஓடவில்லை, படிவழியாக நடந்தே இறங்குகிறான். வணக்கம்.