அடையாள வரிசையில் நாலாவது ஆள்

இந்த ஃபேன் ஓடாது வக்கீல் சார், நாற்காலியை ஜன்னல் பக்கம் தள்ளிப் போட்டுக்குங்க. நீங்க உக்காந்தப்பவே சொல்லியிருக்கணும். சித்திரை வெயில்ல மெட்ராஸ்ல இருந்து பஸ் ஏறி வந்திருக்கீங்க, அதுவும் ஜெயில்ல கிடக்குற காளைக்காக. செல்லூர்ல தறிக்கு நூல் சுத்திக்கிட்டு, அசந்தவன் பையில கைவிடுற பய அவன். ஆயுள் தண்டனைன்னு தீர்ப்பு வந்தப்ப அழுறதுக்கு அவனுக்கு ஆத்தாகூட இல்ல. உங்களுக்கு வேற கேஸே இல்லையான்னு கேக்கத் தோணுது, ஆனா அது உங்க பொழப்பு.

நீங்க கேட்டது அடையாள அணிவகுப்பைப் பத்தி. 81-ல நான் பி.ஏ. குற்றவியல் ரெண்டாம் வருஷம். எங்க காலேஜுக்கு அது புதுப் படிப்பு. பாடம் நடத்துனவருக்கும் புதுசுதான், பஸ்ல வரும்போது படிச்சதை வந்து எங்ககிட்ட ஒப்பிப்பார். கிளாஸ்ல பாதிப் பேர் போலீஸ் வேலை கிடைக்கும்னு வந்தவன், மீதிப் பேர் வேற எதுலயும் சீட் கிடைக்காதவன். மலைச்சாமி ஒருத்தன்தான் அதைப் படிக்கணும்னே வந்தவன். எழுமலைப் பக்கம் அவன் ஊர். என் ஊரும் அதுதான். அவன் அப்பன் எங்க வயல்ல தண்ணி பாய்ச்சுன ஆளு.

அந்த மலைச்சாமி வைகை ஆத்துக்குள்ள, செல்லூர்ப் பக்கம், மண்டை உடைஞ்சு செத்துக் கிடந்தான். கொஞ்ச நாள்ல காளையைப் பிடிச்சாங்க. மலைச்சாமியோட வாட்சை அவன் விக்கப் பார்த்தான். பொணத்துக் கையில இருந்து கழட்டுனேன்னு அவன் சொன்னா எவன் நம்புவான்? ஆத்துக்குள்ள கீரை போட்டிருந்த சுந்தரம்மாள், கொன்னவன் முகத்தைப் பார்த்தேன்னு சொன்னா. சாட்சி அவ ஒருத்திதான்.

சந்தேகப்பட்டவனை அவன் வயசும் உசரமும் உள்ள ஆளுங்களோட கலந்து ஜெயில்ல வரிசையா நிக்க வைப்பாங்க. சாட்சி வந்து ஆளைத் தொட்டுக் காட்டணும். காளைக்கு எங்க வயசு. மாஜிஸ்திரேட் ஆள் கேக்கவும் எங்க ப்ரொபசருக்குத் தலைகால் புரியல, பிள்ளைகளுக்கு நேரடிப் பயிற்சின்னு எங்களையே கூட்டிட்டுப் போனார். செத்தவனோட ஒரே கிளாஸ்ல படிக்கிறவனுங்களைக் கொண்டுபோய் நிறுத்துறோமேன்னு படிச்ச மனுசன் ஒருத்தருக்கும் தோணல. நான் வரலைன்னு சொன்னா ஏன்னு கேப்பாங்க, அதனால போனேன். நாலாவதா நின்னேன்.

சுந்தரம்மாள் வரிசையை முழுசாக்கூடப் பார்க்கல. நேரா வந்து என் தோளைத் தொட்டு, "இந்தப் பிள்ளதான்யா"ன்னா. பசங்க சிரிப்பை அடக்கிக்கிட்டு நின்னானுங்க. இடம் மாத்தி நிக்கச் சொன்னாங்க, நான் கடைசிக்குப் போனேன். அவ கடைசி வரைக்கும் நடந்து வந்து திரும்பவும் என்னையே தொட்டா. மாஜிஸ்திரேட்டுக்கு எரிச்சல். "அது காலேஜ் பிள்ளைம்மா, நல்லாப் பாரு"ன்னார். அப்படி ஒரு வார்த்தையை அவர் சொல்லவே கூடாது. எங்களுக்குப் பரீட்சையில வந்த கேள்வி அது, அவருக்குத் தெரியல. மூணாவது தடவை அவ கையெடுத்துக் கும்பிட்டு, "யாரைத் தொடச் சொல்றீகளோ அவனைத் தொடுறேன்யா"ன்னா. காளைக்குக் கால் நடுங்கிக்கிட்டு இருந்துச்சு. நடுங்குறவனைத் தொட்டுட்டுப் போனா.

மறுநாள் ப்ரொபசர் என்னைக் கிளாஸ்ல முன்னாடி நிறுத்திவச்சு, கண்ணால பார்த்த சாட்சியை எம்புட்டு நம்பலாம்னு பாடம் எடுத்தார். பசங்க கைதட்டுனானுங்க. மலைச்சாமி இருந்திருந்தா எந்திரிச்சு ஏதாவது கேட்டிருப்பான், அவனுக்கு அந்தப் பழக்கம் உண்டு.

இப்ப நீங்க வந்திருக்கீங்க. அந்தம்மா என்னைத் தப்பாத் தொட்டான்னு நான் கையெழுத்துப் போட்டா, அவ சாட்சி செல்லாமப் போகும், காளை வெளிய வந்துடுவான்னு சொல்றீங்க. ஹைகோர்ட் வக்கீலும் அங்கதான் வந்து நிக்கிறீங்க. மூணு வருஷமா ஒரு பயலுக்கும் தோணல சார். அவ ரெண்டு தடவையும் சரியாத்தான் தொட்டா.

பேனாவைக் கீழ வைக்காதீங்க, இன்னும் இருக்கு.

நான் ஜாதி பார்க்குறவன் இல்ல, அதை முதல்ல எழுதிக்குங்க. ஹாஸ்டல்ல அவனோட ஒரே மேசையில உக்காந்து சாப்பிட்டவன். அவன் நோட்ஸை வாங்கித்தான் படிச்சேன், அதுல எனக்குக் கூச்சமே இருந்ததில்ல. காலேஜ்ல எல்லாப் பயலும் எல்லாப் பயலையும் மாப்ளன்னுதான் கூப்பிடுவான். அவனும் என்னைக் கூப்பிட்டான். மதுரைக்குள்ளதானேன்னு பெருந்தன்மையா விட்டுட்டேன். ஒருநாள் எங்க அப்பா கடலை மூட்டையோட ஹாஸ்டலுக்கு வந்தார். இவன் மாடியில இருந்து எட்டிப் பார்த்து, "மாப்ள, ஐயா வந்திருக்காக"ன்னு கத்துறான். எங்க ஊர்ல மாப்ளன்னா பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்குற முறை சார். அப்பா கொண்டுவந்த மூட்டையைத் திரும்பத் தூக்கிக்கிட்டு உசிலம்பட்டி பஸ்ஸுக்குப் போயிட்டார்.

அன்னிக்குச் சாயங்காலம் அவனை ஆத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். இனிமே என்னை அப்படிக் கூப்பிடாதேன்னு மரியாதையாத்தான் சொன்னேன். அவன் கோவப்பட்டிருந்தாக்கூட விட்டிருப்பேன். அவன் சிரிச்சான். "சரி மாப்ள"ன்னான். காலடியில கிடந்த கல்லை எடுத்தேன், ரெண்டாவது அடிக்கே விழுந்துட்டான். கோவத்துல செய்யுற கொலை, திட்டம் போட்டுச் செய்யுற கொலைன்னு புஸ்தகத்துல பிரிச்சு வச்சிருப்பாங்க. என்னோடது ரெண்டுலயும் சேராது. முறை தப்பிப் போனதைச் சரிபண்ணேன், அம்புட்டுதான்.

அடுத்த மாசம் எனக்கு எஸ்.ஐ. ட்ரெயினிங். நீங்க நீட்டுன பேப்பர்ல கையெழுத்தைப் போட்டிருந்தா எனக்கும் ஒண்ணும் ஆகாது, காளையும் வெளிய வந்துடுவான். போடத்தான் கையை நீட்டுனேன். அப்பத்தான், போலீஸ் எழுதிக்காம விட்டதுன்னு, சுந்தரம்மாள் உங்ககிட்டச் சொன்னதை அதே பேப்பர்ல இருந்து படிச்சுக் காட்டுனீங்க. கொன்னவன் ஓடலையாம். செத்தவன் தலையை மடியில போட்டுக்கிட்டு, "எந்திரி மாப்ள, எந்திரி மாப்ள"ன்னு ஏங்கி ஏங்கி அழுதானாம். அவ பக்கத்துல வந்து நின்னதுகூடத் தெரியாம அழுதானாம். முன்னப்பின்னப் பார்க்காதவனைக் காளை எதுக்கு மாப்ளன்னு அழணும்னு கோர்ட்டுல கேக்கப்போறீங்க.

நல்ல பாயிண்ட்தான், உங்களைக் கொஞ்சம் குறைச்சு நினைச்சுட்டேன். ஆனா அது பொய் சார். பொய்க்குக் கீழ நான் கையெழுத்துப் போடமாட்டேன். கொன்னது நான்தான்னு எழுதுங்க, எங்க வேணும்னாலும் போடுறேன். அழுதேன்னுகூட எழுதிக்குங்க. அவனை நான் மாப்ளன்னு கூப்பிட்டேன்னு மட்டும் எழுதாதீங்க, ஊர்ல எங்க அப்பா இருக்கார்.