இயக்கம்: நெவ்யானா த்ராகியேவா

மேடையில் வீற்றிருக்கும் பெரியோரே! நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் விளக்குக்காரர்களே, ஒப்பனைக்காரர்களே, ஒலிப்பதிவுத் தோழர்களே! நான் ஸஹாரி, நெவ்யானா அம்மையாரின் கேமராக்காரன். இந்த இரங்கல் கூட்டத்துக்கு அழத்தான் வந்தேன். தொலைக்காட்சி நிலையத்தின் வாசலைப் பார்த்ததும் அழுகை போய்விட்டது. வயிறு எரிகிறது!

யார் இந்த நெவ்யானா? நம் தொலைக்காட்சியின் முதல் பேய்ப்படத்தை இயக்கியவர்! மலை உச்சியில் ஒரு வானிலை நிலையம். அங்கே வேலை பார்ப்பவர்களில் ஒருவன் மனிதன் இல்லை. அவ்வளவுதான் கதை. கோரைப்பல் வைத்தாரா? ரத்தம் தெளித்தாரா? இல்லை! வித்தோஷா மலைக் குளிரில் எல்லோர் வாயிலும் ஆவி பறக்கும். ஒருவன் வாயில் மட்டும் பறக்காது. அதைப் பார்த்துத்தான் ஸோஃபியா நகரமே கதவைத் தாழிட்டுக்கொண்டது!

மூச்சில் ஆவி தெரியாமலிருக்க அந்த நடிகர் ஒவ்வொரு முறையும் பனிக்கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு நடிக்க வேண்டும். “பல்லெல்லாம் கூசுதும்மா, வசனமே வர மாட்டேங்குது!” என்று கெஞ்சுவார்.

“செத்தவனுக்கு ஏதுய்யா பல் கூச்சம்? இன்னொரு கட்டியைப் போடு!” என்பார் அம்மையார்.

அந்தப் பனிக்கட்டி வாளியைத் தூக்கிவந்தவர் யார்? அன்றைய உதவியாளர், இன்றைய நிலையத் தலைவர், இதோ மேடையில் இருக்கும் தோஷ்கோவ் அவர்கள்! இவருக்குக் கை விறைத்தபோது தன் கையுறையைக் கழற்றிக் கொடுத்தவர் நெவ்யானா.

படம் ஒளிபரப்பான மறுநாளே மேலிடம் அம்மையாரை அழைத்தது. “நம்ம நாட்டுல ஜனங்க பயப்பட என்ன இருக்கு, தோழர்?”

“ஒண்ணுமே இல்லைன்னா, விடிஞ்சும் விடியாம என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க, தோழர்?”

அந்தப் பதிலுக்காகப் படத்தின் ஒளிநாடாவை அழித்தார்கள். அதே நாடாவில் கிராமியப் பாட்டுப் போட்டியைப் பதிந்தார்கள். ஓய்வு பெறும்வரை அம்மையாருக்குக் குழந்தைகளின் பொம்மை நிகழ்ச்சிதான். அடப்பாவிகளா!

போன ஆண்டு பிராக் நகரக் கிடங்கில் ஒரு பிரதி கிடைத்தது, பெயர்கள் வரும் தொடக்கப் பகுதி இல்லாமல். நிலையம் புதிதாகப் பெயர் போட்டது. விழா அரங்கில் திரை ஒளிர்ந்தது: ‘இயக்கம்: தோஷ்கோவ்.’ என் பக்கத்தில் இருந்த நெவ்யானா எழுந்து நின்றார்.

“ஞாபகத்துல இருந்ததைப் போட்டோம், நெவ்யானா” என்றார் தலைவர்.

“வாளி தூக்கினது ஞாபகம் இருக்கா, லூபோ?” என்று தலைவரைப் பழைய செல்லப்பெயர் சொல்லிக் கேட்டார் அவர். பெயர் மாறியதா? இன்றுவரை இல்லை! பெயரைத் திருத்தச் சொல்லிக் கேட்டுக் கேட்டே கண்ணை மூடினார்.

இன்று காலை அவருடைய மரண அறிவிப்பை நிலையத்தின் வாசல் கதவில் ஒட்டினேன். படம், பெயர், கீழே ‘இயக்குநர்’. ஒட்டிய அறிவிப்பு மழையில் கரையலாம், வெயிலில் உதிரலாம். பகையாளியின் அறிவிப்பைக்கூட நம் ஊரில் யாரும் தொடமாட்டார்கள். ஆனால் நான் இந்தக் கூட்டத்துக்குத் திரும்பி வருவதற்குள் கிழித்துவிட்டார்கள்! அந்த இடத்தில் நிலையத்தின் அறிவிப்பு: ‘எங்கள் மூத்த ஊழியர்’. செத்தவர் முகத்தைக் கிழிக்க எப்படி ஐயா கை வந்தது?

தோழர்களே, அவருடைய அறிவிப்பு அச்சகத்திலிருந்து கட்டுக்கட்டாக வந்திருக்கிறது. ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது ஒட்டுவோம், நாற்பதாம் நாள் ஒட்டுவோம், ஆண்டுதோறும் ஒட்டுவோம். பேய்ப்படத்தில் அவர் பெயர் வரும்வரை அந்தக் கதவு கதவாகத் தெரியக் கூடாது!

தலைவர் அவர்களே, தலையைக் குனிய வேண்டாம். பசை வாளி வாசலில் இருக்கிறது. தூக்கிப் பழகியவர்தானே, எழுந்து வாருங்கள்.