பிள்ளையாரிடம் கொடுத்த இராஜினாமா

— பஸ்ஸால இறங்கிப் போன ஆளைத் திரும்ப ஏத்தித் தள்ளி விழுத்தப்போறியளோ, சுஜிதன் தம்பி?

— வீரகத்தி அண்ணை எங்க இறங்கினவர், சிவனேஸ்வரியக்கா? புட்போட்டில நிக்கிறார். உங்கட கையெழுத்து ஒண்டுதான் குறை, அதுக்குத்தான் வயலுக்கே வந்தனான். வைச்சியளெண்டா பின்னேரமே நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைக் கொண்டு வந்திடுவன்.

— மனுசன் தலைவர் பதவி வேண்டாமெண்டு சொல்லி, வாய்க்கால் கதவுப் பூட்டின்ர திறப்பைப் பிள்ளையாரின்ர காலடியில வைச்சிட்டெல்லே போனது. முரசுமோட்டை ஊரே பாத்தது.

— தன்ர மச்சான்ர வயலுக்கு முறை மாறித் தண்ணி விட்டதை நாங்கள் கேக்க, கோவத்தில வைச்சவர். அது இராஜினாமா இல்லை. எங்கட கமக்கார அமைப்பின்ர யாப்பு விதிகளில, இராஜினாமாவை எழுத்தில தலைவரிட்டக் குடுக்கோணுமெண்டு கிடக்கு.

— அவர்தானே தம்பி தலைவர்.

— அதுதான் சிக்கல். அவர் எழுதி, அவரிட்டக் குடுத்து, அவரே ஏற்றுக்கொள்ளோணும்.

— உந்த யாப்பை ஆர் எழுதினது?

— செயலாளர் நான்தானே. அதை விடுங்கோ.

— விட்டன். அவரிட்டக் கேட்டனீரே?

— போன் எடுத்துக் கேட்டனான். ‘திறப்பைத்தான் விட்டன், பதவியை விட்டனெண்டு ஆர் சொன்னது’ எண்டுறார். அப்ப வந்து தண்ணியைத் திறவுங்கோ எண்டன். ‘நான்தான் தலைவரில்லையே’ எண்டுறார். நேற்று ஊரில நடந்த கிருசாந்தியின்ர கலியாணத்தில ‘எங்கட தலைவர்’ எண்டு மைக்கில சொல்ல, முதல் ஆளா எழும்பிப் போய் மாலையும் வாங்கினவர்.

— மாலை எண்டா ஆர்தான் எழும்பமாட்டினம்.

— பகிடியில்லை அக்கா. போன போகமும் இப்பிடித்தான் திறப்பை வைச்சார். பிறகு மச்சான்ர வயல் காயுதெண்டவுடன தானே ஓடிப்போய் எடுத்தார். தானா விலகினா நாளைக்குத் திரும்பி வரலாம். நாங்கள் விலக்கினா அஞ்சு வருசத்துக்குத் தலை காட்டேலாது.

— அதுவும் ஞாயம்தான்.

— அப்ப கையெழுத்தை வையுங்கோ.

— பொறும். கூட்டம் வைச்சு, புதுத் தலைவரைத் தெரிஞ்செடுத்து, தண்ணி வர எவ்வளவு காலம் செல்லும்?

— அவர் மறுப்புச் சொல்ல ரெண்டு கிழமை குடுக்கோணும். பிறகுதான் மற்றதெல்லாம்.

— என்ர நெல்லு கதிர் தள்ளப்போற குடலைப் பருவத்தில நிக்குது தம்பி. வாய்க்காலின்ர கடைசி வயல். உம்மட ரெண்டு கிழமை முடிய இதில கதிர் இராது, வைக்கல்தான் இருக்கும். நீரே போய் அந்தத் திறப்பை எடுத்தாலென்ன?

— எனக்கேன் அந்தத் துன்பம்? பிள்ளையாரிட்ட இருந்து திறப்பை எடுக்கிற ஆள்தான் தலைவர். ஊர் வழக்கம்.

— உதுவும் யாப்பில கிடக்கோ?

— முதல் பக்கத்திலயே போட்டனான். இல்லாட்டிச் சனம் ஒத்துக்கொள்ளாது. எடுக்கிறதுக்கு விதி இருக்கு. திரும்ப வைக்கிறதுக்குத்தான் எழுத மறந்திட்டன்.

— வேற ஒருத்தரும் எடுக்கமாட்டினமோ?

— ஆர் எடுக்கிறது? மேல் வயல்காரன் தண்ணி கூடிப்போச்செண்டு ஏசுவான், கீழ் வயல்காரன் காணாதெண்டு ஏசுவான். எல்லாரும் இப்ப மண்டபத்தில உங்கட கையெழுத்துக்குக் காத்துக்கொண்டிருக்கினம்.

— மேல் வயல்காரரும்?

— ஒருத்தர் விடாம. விடியவே வந்திட்டினம்.

— அப்ப வாய்க்காலை மறிக்க மேல ஒருத்தரும் இல்லை.

— இல்லை. ஏன் கேக்கிறியள்? மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்க போறியள்? அக்கா, கையெழுத்து...

— வரம்பைக் கொஞ்சம் வெட்டி விடோணும். தள்ளி நில்லும், சப்பாத்து நனையப்போகுது.

— காய்ஞ்ச வாய்க்காலுக்க நிண்டா எப்பிடி நனையும்? அக்கா... அக்கா, தண்ணி வருது.

— விடியத் திறந்தது. இப்பதான் கடைசி வயலுக்கு வந்து சேருது.

— ஆர் திறந்தது? வீரகத்தி அண்ணையோ?

— திறப்பு இந்தா, என்ர இடுப்பில கிடக்கு. எடுத்த ஆள்தானே தலைவர். உந்தத் தீர்மானத்தில அவற்ற பேரை வெட்டிப்போட்டு என்ர பேரை எழுதும் தம்பி. கையெழுத்தையும் நானே வைக்கிறன், கூட்டத்தை மட்டும் அறுவடைக்குப் பிறகு வையும்.