வெயிலுக்கு வந்த காசு

“வெயிலுக்கும் அரசாங்கம் காசு ஒதுக்கியிருக்காம்.”

சண்டைக் காலம். மூதூருக்குப் போகும் லோஞ்ச் படகில், என் முன் வாங்குப் பலகையில் இருந்தவர் மனைவியிடம் சொன்னார். மூதூருக்குப் பக்கத்துக் கட்டைபறிச்சான்காரர். அவள் ஒரு கையில் குடை பிடித்து, மறு கையை மேடிட்ட வயிற்றின் மேல் வைத்திருந்தாள்.

“வெயிலில கரண்ட் எடுக்கிற திட்டம். ஊருக்கு முதல்ல ஒரு லைட்தானாம். எங்க பூட்டுறதெண்டு கச்சேரியில அதிகாரிமார் வைச்ச கூட்டத்தில எங்களையே கேட்டாங்கள்.”

“ஆக்கள் என்ன சொன்னவை?”

“கோயிலடி, கடைச்சந்தி எண்டு ஒரே சத்தம்.”

“நீங்கள் வாயே திறந்திருக்க மாட்டீங்கள்.”

“திறந்தனான். மருத்துவிச்சி அக்கா வீட்டில பூட்டுங்கோ எண்டனான். பொழுதுபட்டா ஆமிச் சென்றி தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போக ஏலாது. விளக்குக்கு மண்ணெண்ணெயும் இல்லை. எங்கட மூத்த பிள்ளையைப் பிறக்கேக்க அந்த இருட்டிலதானே பறிகுடுத்தனாங்கள் எண்டு சொன்னன். பிறகு எல்லாரும் ஓமெண்டிட்டினம்.”

அவள் குடையை அவர் தலைப்பக்கம் சரித்தாள். லோஞ்ச் இறங்குதுறையை நெருங்கியது.

“ஆவணிக்குள்ள வந்திடும்தானே?” என்றாள்.

“எது, லைட்டோ?”

“ரெண்டும்தான்.”