ஐந்தாவது வீடு

போடியிலிருந்து தேவாரம் போகும் பஸ்சில் எனக்கு முன்சீட்டில் ஒரு புருஷனும் பொண்டாட்டியும். அவள் தபால் வழியில் சமூகவியல் படிக்கிறாள் போல. மடியில் புள்ளியியல் புத்தகம் இருந்தது.

"உங்கண்ணன் வீட்டுக்கு எதுக்குப் போகணும்? மகன் காதுகுத்துக்கு நம்மள அழைக்காத மனுசன்."

"நானா போறேன் மாமா? படிப்புக்கு எங்க ஊர்ல வீடுகள எண்ணி, அஞ்சு வீட்டுக்கு ஒரு வீட்ல கேள்வி கேக்கணும். அதுல அண்ணன் வீடு வருது."

"பக்கத்து வீட்ல கேட்டுக்க."

"அப்படி மாத்துனா கணக்கே தப்பாயிரும். புத்தகத்துல போட்டிருக்கு."

அவர் அவள் மடியிலிருந்த புத்தகத்தை எட்டிப் பார்த்தார்.

"எங்கிருந்து எண்ணுன?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"மொதல்ல கோயில்ல இருந்து மனசுக்குள்ளயே எண்ணுனேன். அண்ணன் வீடு வரல. அப்புறம் தண்ணித்தொட்டியில இருந்து எண்ணுனேன்."