தொண்ணூற்றொன்பது வெற்றி கண்ட இடக்கைக்கு

பதினாறு கோடைகள் பந்தெறிந்து ஓய்வு பெறும் தொழில்முறை பேஸ்போல் எறிவாளரும், பிலோமினம்மா பெற்ற பெருமகனும், எங்கள் தென்கரை அணியின் தூணுமாகிய அல்பேட் றஜிந்தன் அவர்களுக்கு, புரோசார்ட் மைதானத்தின் சமையற்கூடத்தாரும் வாயில் காப்போரும் புல் வெட்டுவோரும் பெருமிதத்தோடு வாசித்தளிக்கும் மடல்.

இடக்கை ஏந்தலே,

மொன்றியலின் வடக்கே லவாலில் வளர்ந்து, அந்த ஒரு கையை நம்பி வந்தவர் தாங்கள். பெரிய லீக்கிலிருந்து அழைப்பு வருமென்று ஏழு ஆண்டுகள் பார்த்திருந்தீர்கள். வரவில்லை. அதற்காக ஒரு பந்தையாவது ஏனோதானோவென்று எறிந்ததை நாங்கள் கண்டதில்லை.

பொறுமையின் பெட்டகமே,

எங்கள் பிழையொன்றை இச்சபையில் ஒப்புக்கொள்ள வேண்டும். தங்கள் முதல் ஆட்டத்தன்று, கிரிக்கெட் மட்டுமே தெரிந்த நாங்கள் அடுப்பை விட்டு ஓடிவந்து யன்னலில் தொங்கினோம். எதிரணிக்காரன் தங்கள் பந்தைச் சுவருக்கு மேலால் அடித்தான். சமையற்காரர் சிவநேசம் "சிக்ஸ்" என்று துள்ள, நாங்களும் கை வலிக்கத் தட்டினோம். மைதானமே எங்களைத் திரும்பிப் பார்த்தது. தாங்களோ தொப்பியைக் கழற்றி எங்களுக்கு வணக்கம் வைத்தீர்கள்.

ஆட்டம் முடிந்ததும் தோளில் ஐஸ் பையோடு உள்ளே வந்து, "அண்ணை, உது எனக்கு விழுந்த அடி. நீங்கள் எனக்கெல்லோ தட்டோணும்" என்றீர்கள். சோஸ் போத்தல்களை நான்கு பேஸ்களாக மேசையின் நான்கு மூலையிலும் நிறுத்தி ஆட்டத்தைச் சொல்லித் தந்தீர்கள். அன்றைய உருளைக்கிழங்குப் பொரியல் முழுவதும் கருகிப்போனது.

நிமிர்ந்த நெஞ்சரே,

சென்ற செப்டெம்பரில் தங்கள் கடைசி ஆட்டம். தொண்ணூற்றொன்பது வெற்றிகள் கைவசம். நூறாவதற்கு இன்னும் ஒரேயொருவரை ஆட்டமிழக்கச் செய்தால் போதும். தோள் நோவது யன்னலில் நின்ற எங்களுக்கே தெரிந்தது. வேறொருவரை எறியவிடப் பந்தை வாங்க வந்த பயிற்றுநரைத் திருப்பி அனுப்பிவிட்டு எறிந்தீர்கள். பந்து சுவரைத் தாண்டிப் போயிற்று. ஆட்டமும் போயிற்று, நூறும் போயிற்று.

பொரியல் அடுப்படியில் நின்ற மாக்கிரட் அக்கா கரண்டியை வைத்துவிட்டு, "தட்டுங்கோ" என்றார். தட்டினோம். இம்முறை விதிகள் எல்லாம் தெரிந்தே தட்டினோம். தாங்கள் எங்கள் யன்னலைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றியபோது, தங்களோடு ஒரே மைதானத்தில் வேலை செய்தோம் என்ற பெருமையில் நெஞ்சு விம்மியது.

அந்த நூறு தப்பினாலும், நோய்நொடியற்ற வயது நூறு தங்களுக்கு வாய்க்கட்டும். ஐஸ் பை இல்லாமல் அந்தத் தோள் நிம்மதியாக உறங்கட்டும்.

இப்போது ஒரு நிமிடம் எழுந்து நில்லுங்கள், றஜிந்தன். தட்டப்போகிறோம்.

இங்ஙனம்,
யன்னலில் நின்று பார்த்த
மைதானப் பணியாளர்கள்,
புரோசார்ட், மொன்றியல்