பெயர் சூட்டும் முன்னே போன பிள்ளைகள்

இந்த இரங்கல் கூட்டத்தின் தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் திட்டக்குழு நண்பர்களே, புள்ளிவிவர அலுவலகத் தோழர்களே, மேற்கு மலையிலிருந்து பேருந்தில் வந்து இறங்கிய கையோடு இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் மேலாக, முன்வரிசையில் இருக்கும், மறைந்தவரின் கணவர் ஹரிவம்ச மாஸ்டர் அவர்களே, அவர் பிள்ளைகள் ஸ்மிருதி, உத்தவ், உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

என் பெயர் மாதவ் சாப்கோட்டா. மறைந்த துணை இயக்குநர் தேவ்குமாரி பஸ்நேத் அவர்களின் பக்கத்து மேசைக்காரன். வயதில் எனக்கு மூத்தவர் என்பதால் எனக்கு அவர் என்றும் அக்காதான். எனக்குப் பின்னால் கட்டியிருக்கும் பதாகையில் அவர் படமும் படத்துக்குக் கீழே சில வரிகளும் இருக்கின்றன. அந்த வரிகளில் ஒரு தகவல் தவறு. எது என்று கடைசியில் சொல்கிறேன். பிழையைக் கண்டால் அக்கா ஒரு நிமிடம் பொறுக்க மாட்டார். இன்று ஒரு நாள் எனக்காகப் பொறுத்துக்கொள்ளட்டும்.

எங்கள் வேலை என்ன? நாடு முழுக்க மக்கள்தொகையை எண்ணி முடித்ததும் படிவங்கள் மூட்டை மூட்டையாகக் காத்மாண்டுவுக்கு வந்து சேரும். அவை கணினிக்குள் போய் அட்டவணைகளாக வெளியே வரும். அந்த அட்டவணைகளைப் படித்து, எந்த ஊருக்கு என்ன குறை என்று அறிக்கை எழுதுவது எங்கள் பாடு. அதைப் பார்த்துத்தான் பள்ளிக்கூடம் எங்கே, பாலம் எங்கே என்று திட்டக்குழு முடிவு செய்கிறது. நாங்கள் தப்பாக எழுதினால் பாலம் வேறு யாருடைய ஆற்றின் மேலோ போய் நிற்கும்.

குளிர்காலம் வந்தால் அலுவலக மொட்டைமாடியில் வெயில் காய்ந்தபடி, ஆரஞ்சு உரித்துக்கொண்டே அட்டவணை படிப்போம். அந்த வருடம் குழந்தை இறப்பு பற்றிய அத்தியாயம் அக்காவின் பொறுப்பு. மேற்கே ஒரு மலை மாவட்டம். பிறந்த குழந்தைகளில் இறந்தவை நாட்டிலேயே அங்கேதான் மிகக் குறைவு என்றது அட்டவணை. அன்றைய எங்கள் மேலதிகாரிக்குத் தலைகால் புரியவில்லை. அந்த மாவட்டத்துக்கு வரவிருந்த பிரசவ மையத்தை வேறு எங்காவது மாற்றிவிடலாம் என்று பேச்சும் கிளம்பிவிட்டது.

அக்கா மட்டும் சுளையை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"மாதவா, அந்த ஊர்ல ரோடு இருக்கா?"

"இல்லைக்கா."

"நர்ஸு?"

"அதுவும் இல்ல."

"ஆனா குழந்தை மட்டும் சாகாதாம். அப்போ நாம எல்லாரும் பெட்டியக் கட்டிக்கிட்டு அங்கேயே போயிடலாமே. இந்த ஊர்ல எதுக்கு ஆஸ்பத்திரிக்கு அழுதுக்கிட்டு?"

எண்ணத் தெரிந்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். நல்ல செய்தி வரும்போது சந்தேகப்படத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

நேரில் போய்ப் பார்க்க மேலதிகாரி பயணப்படி தர மறுத்தார். அக்கா விடுப்புப் போட்டுவிட்டுக் கிளம்பினார். துணைக்கு நானும் போனேன். வழியெல்லாம் முனகிக்கொண்டே போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே ஒரு வீட்டு வாசலில் ஜௌகலா என்ற பெண் சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தார். அவர் இன்று மூன்றாம் வரிசையில் இருக்கிறார். அவர் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன்.

"எத்தனை பிள்ள பெத்தே தங்கச்சி?" என்று அக்கா கேட்டார்.

"மூணு."

"மூணும் இருக்கா?"

"அதோ ஆடு மேய்க்குது பாருங்க, மூணும்."

அக்காவும் கீழே உட்கார்ந்து ஒரு கதிரை எடுத்து உதிர்க்க ஆரம்பித்தார். வேறு ஏதேதோ பேசினார்கள். பேச்சுவாக்கில் ஜௌகலாவின் ஓரகத்தி, "மழையில ஒண்ணு வந்துச்சே, அதைச் சொல்லலையா?" என்றார்.

"அதுவா? அதுக்குத்தான் பேரே வைக்கலையே. பேரில்லாததை எப்படிக் கணக்குல சொல்றது?" என்றார் ஜௌகலா.

"பொறந்ததும் அழுதுச்சா?" என்று கேட்டார் அக்கா.

"அழுதுச்சு. நல்லாவே அழுதுச்சு."

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பதினோராம் நாள் பெயர் சூட்டுகிறோம். அதற்கு முன்னே போன குழந்தையைப் பற்றி யாரும் பேசுவதில்லை; தாயும் பேசுவதில்லை. அந்தப் பெண்கள் பொய் சொல்லவில்லை. அவர்களிடம் நாம் சரியாகக் கேட்கவில்லை. மருத்துவச்சி இல்லாத ஊரில், பிறந்த சில நாட்களுக்குள் போன பிள்ளைகள் அத்தனை பேரும் எங்கள் அட்டவணைக்கு வெளியே நின்றார்கள்.

திரும்பி வந்ததும், இந்த எண்ணை நம்பி எந்த மையத்தையும் மாற்றக் கூடாது என்று அக்கா அறிக்கையில் ஒரு பத்தி எழுதினார். மேலதிகாரி கொதித்துப் போனார்.

"நம்ம கணக்கை நாமளே தப்புன்னு அச்சடிக்கவா? வெளிநாட்டுக்காரன் சிரிப்பான்மா. அந்தப் பத்தியை எடுத்துடு."

"எடுத்துடலாம் சார். கூடவே என் பேரையும் எடுத்துடுங்க. யார் எழுதுனதுன்னு திட்டக்குழு கேட்டா, நான் போய்ச் சொல்லிக்கிறேன்."

அத்தியாயம் பல வாரம் அச்சுக்குப் போகாமல் கிடந்தது. அக்காவின் பதவி உயர்வும் கூடவே கிடந்தது. கடைசியில் அந்தப் பத்தி பக்கத்தின் அடியில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய எழுத்தில் வந்தது. திட்டக்குழுவில் யாரோ ஒருவர் கண்ணில் அது பட்டது. பிரசவ மையம் இடம் மாறவில்லை. ஒரே ஒரு செவிலி, ஒழுகும் கூரை, அதுவும் தாமதமாக. ஆனாலும் வந்தது.

அக்கா அதோடு விடவில்லை. அடுத்த கணக்கெடுப்பின் கேள்விகளில் ஒரு வரி சேர்க்கப் போராடிச் சேர்த்தார். "பிறந்து அழுது, பெயர் வைக்கும் முன்னே போன குழந்தை உண்டா?" அந்த வரியால் அடுத்த அறிக்கையில் அதே மாவட்டம் முதலிடத்திலிருந்து கடைசிக்குப் போனது. நிலைமை மோசமாகிவிட்டது என்று பத்திரிகைகள் எங்களைக் கிழித்தன. அக்கா கூடை நிறைய ஆரஞ்சு வாங்கி வந்து மாடியில் எல்லோருக்கும் கொடுத்தார்.

"சாவு கூடினதுக்கு விருந்தாக்கா?" என்று கேட்டேன்.

"செத்ததெல்லாம் அப்பவே செத்துடுச்சு மாதவா. அரசாங்கம் இப்பத்தான் துக்கம் விசாரிக்கப் போயிருக்கு."

இன்று அவருக்காக நாம் துக்கம் விசாரிக்க வந்திருக்கிறோம். வந்தவர்கள் என்ன செய்யப் போகிறோம்? அழகான எண் எது வந்தாலும் அந்த ஊருக்கு நடந்து போய்ப் பார்ப்போம். அக்கா சேர்த்த வரியை வரும் கணக்கெடுப்பில் எடுத்துவிடலாம், கேட்கச் சங்கடமாக இருக்கிறது என்று இப்போதே முணுமுணுப்பு கேட்கிறது. எடுக்க விடமாட்டோம். திட்டக்குழு நண்பர்கள் முன்னிலையிலேயே இதைச் சொல்கிறேன்.

இனி அந்தத் தவறு. அந்த வரி சேர்ந்த கணக்கெடுப்பின்போது ஒரு சனிக்கிழமை நான் அக்கா வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். எண்ண வந்த இளம் ஆசிரியைக்கு அக்கா யாரென்று தெரியாது. எத்தனை குழந்தை பெற்றீர்கள் என்று கேட்டார். "ரெண்டு" என்றார் அக்கா, யோசிக்காமல். அந்தப் பெண் அடுத்த வரியை அப்படியே படித்தார். பிறந்து அழுது, பெயர் வைக்கும் முன்னே போன குழந்தை உண்டா?

அது அக்கா தானே எழுதிய கேள்வி. மாஸ்டர்தான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "சொல்லு தேவ்குமாரி" என்றார்.

"மூணுன்னு போட்டுக்கோம்மா. மூத்தது பொண்ணு" என்றார் அக்கா.

பதாகையில் 'இரு பிள்ளைகளின் தாய்' என்று அச்சாகியிருக்கிறது. இன்று காலை மாஸ்டரிடமும் பிள்ளைகளிடமும் கேட்டேன். திருத்தச் சொன்னார்கள்.

தேவ்குமாரி பஸ்நேத், மூன்று பிள்ளைகளின் தாய்.